சத்தம் நின்றுபோன அலுமாரி

என் கலியாணக் கூறைச் சேலையில் எண்ணெய் பட்டிருந்ததை ஓர் ஆவணி மாதக் காலையில்தான் கண்டேன். சொந்தத்தில் ஒரு கலியாணம். கட்டிக்கொண்டு போகலாம் என்று அலுமாரியின் இரண்டாம் தட்டிலிருந்து எடுத்து விரித்தால், சிவப்புப் பட்டின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போய் இருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். நல்லெண்ணெய்.

எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் வாங்குவதில்லை. சமையலுக்கும் தலைக்கும் தேங்காயெண்ணெய்தான். முழங்கால் வலிக்கென்று நாள் தவறாமல் நல்லெண்ணெய் பூசுகிறவர் எங்கள் வளவில் ஒருவர்தான் இருந்தார். என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள்.

மச்சாளைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். என் கணவருக்குப் பதினொரு வயதில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த இந்த அக்காதான் வளர்த்து ஆளாக்கினார். மச்சாளின் கணவர் வெளிநாட்டில். ஒரே வளவில் இரண்டு வீடுகள், முன்னாலே எங்களுடையது, வேம்புக்குப் பின்னாலே அவருடையது. எங்கள் வீட்டின் இரண்டாவது திறப்பு, மாற்றுச் சாவி, எப்போதும் மச்சாளின் இடுப்பில் இருக்கும். நான் காலை பஸ்ஸில் மன்னார் நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவேன், கணவர் வயலுக்குப் போய்விடுவார். கோழிக்குத் தீனி போடவும் யன்னலைத் திறந்துவிடவும் ஆள் வேண்டுமே. அந்தத் திறப்பைப் பற்றி நான் ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை.

மச்சாளின் வாயைப் பற்றித்தான் எனக்கு மனவருத்தம். கலியாணமாகி இரண்டு வருடம் கழிந்தும் பிள்ளை இல்லை. எங்கள் கட்டில் பழையது, திரும்பிப் படுத்தாலே முனகும். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் நாலைந்து பெண்கள் வாளியோடு நிற்கும்போது மச்சாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"என்ன பிள்ளை, கட்டில் கத்துது, தொட்டிலைக் காணேல்லை?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் தாங்க முடியாதது.

அன்று மத்தியானமே கட்டிலின் மூட்டுகளுக்குள் தேங்காயெண்ணெய் விட்டேன். முனகல் இரண்டு கிழமை நின்றது. ஆனால் பலகை குடித்த எண்ணெய் வெயிலுக்குக் கசிந்து வெள்ளைப் படுக்கைவிரிப்பில் மஞ்சளாக இறங்கியது. கொடியில் காய்ந்த விரிப்பை மச்சாள் விரலால் தொட்டுப் பார்த்தார். "எண்ணெய் விட்டனியே? கெட்டிக்காரிதான்" என்றார். அதுவும் குழாயடிக்குப் போனது.

பிறகுதான் எனக்கு நகரத்தில் ஒரு தளபாடக் கடையில் விற்பனை வேலை கிடைத்தது. கட்டில், அலுமாரி, கதிரை வாங்கிப் போனவர்கள் மாதம் இரண்டு கழித்துச் சத்தம் போடுகிறது என்று திரும்பி வருவார்கள். அவர்களுடைய வீடுகளுக்குப் போய்ச் சரிபண்ணுவதற்குக் கடையில் ஒரு தச்சர் இருந்தார். எருக்கலம்பிட்டிக்காரர், என் வயதுதான். அவரைப் பாஸ் என்று கூப்பிடுவோம். என் கட்டில் கதையை, மச்சாள் சொன்னதை விட்டுவிட்டு, அவரிடம் சொன்னேன்.

"மரத்துக்கு எண்ணெ போடவே கூடாது தங்கச்சி. இன்னைக்குக் குடிக்கும், நாளைக்குத் துணியில கக்கும். மெழுகுதிரி தேய்ங்க. வெள்ளை மெழுகுதிரி. கறையும் வராது, சத்தமும் வராது" என்றார்.

அப்படியே செய்தேன். கட்டிலைக் கழற்றினேன். காலும் சட்டமும் பொருந்துகிற இடத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, மெழுகுதிரியை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். ஆணியில் நிற்காமல் ஆடிய மூட்டுக்குள் பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். பிறகு பூட்டி முறுக்கினேன். அதோடு கட்டிலின் வாய் அடைத்தது. சாப்பாட்டு மேசைக்கும் இரண்டு கதிரைகளுக்கும் அதே வைத்தியம்.

நான் கைவைக்காதது அலுமாரி ஒன்றில்தான். அது என் அம்மா வீட்டிலிருந்து சீதனமாக வந்த வேப்பம்பலகை அலுமாரி. நல்ல நாள் பெருநாளுக்குக் கட்டும் சேலைகள்தான் அதற்குள் இருந்தன, ஆகவே மாதத்தில் ஒருமுறை திறந்தாலே பெரிது. திறக்கும்போது வலது கதவைத் தாங்கும் இரும்புப் பிணைச்சல் கீச்சென்று கத்தும். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் வருடத்தில் இரண்டு பேரும் வெளியூரில் ஒரு பெரிய டொக்டரிடம் போனோம். இரத்தம், ஸ்கான் என்று எல்லாம் எடுத்தார்கள். கடைசியில் டொக்டர் எங்களை இருத்திவைத்து மெதுவாகச் சொன்னார். என்னில் ஒரு குறையும் இல்லை. அவரில்தான். மருந்து இருக்கிறது, ஆனால் நம்பிக்கை கொஞ்சம்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் யன்னலோரம் இருந்து சத்தமில்லாமல் அழுதார். மதவாச்சி கழிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேயும். அக்காவுக்குத் தெரியவே கூடாது. அவ தாங்கமாட்டா."

"சொல்லமாட்டன்" என்றேன்.

அந்த றிப்போட்டை ஒரு மண்ணிற உறையில் போட்டுக் கூறைச் சேலையின் அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் மலடி என்ற பேரை நான் சுமந்தேன். சொல்லுகிறவர்களுக்கு உண்மை தெரியாது, தெரியாதவர்களோடு என்ன கோபம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் கணவர்மீது இருந்த அன்பில்தான் அது முடிந்தது.

இப்போது அந்த ஆவணிக் காலைக்கு வருகிறேன். சேலையைக் கட்டிலில் போட்டுவிட்டு அலுமாரியைப் பார்த்தேன். மேல் பிணைச்சலில் இருந்து கதவின் உள்விளிம்பு வழியாக எண்ணெய் ஒழுகி, தட்டில் தேங்கி, சேலைக்குள் ஊறியிருந்தது. கதவை ஆட்டிப் பார்த்தேன். கீச்சென்ற சத்தமே இல்லை. எண்ணெய் விட்டது நான் இல்லை. என் கணவருக்கு அலுமாரிக்குள் எந்தச் சேலை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. யாரோ பக்கத்து வளவுக்குக்கூடச் சத்தம் கேட்காமல் திறப்பதற்காகத்தான் இதைச் செய்திருக்கவேண்டும்.

உறையை எடுத்தேன். அதிலும் எண்ணெய். உள்ளே இருந்த தாள்களில் மூன்றாவதில், அவருடைய பெயருக்கும் முடிவுக்கும் பக்கத்தில், ஒரு பெருவிரல் அடையாளம் தெளிவாகப் படிந்திருந்தது. எண்ணெய்க் கையோடு நிறைய நேரம் பிடித்து வாசித்த விரல். மச்சாள் அந்தக் காலத்து ஓ.எல். பரீட்சை சித்தியடைந்தவர். ஆங்கிலம் வாசிப்பார்.

அப்படியென்றால் எப்போதிருந்து? கட்டிலில் இருந்து யோசித்தேன். மாசியில் சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம் போகச் சேலை எடுத்தபோது கதவு கத்தியது, நன்றாக ஞாபகம். சித்திரை வருடப்பிறப்புக்கு மேல் தட்டில் இருந்த சேலையை அவசரத்தில் இழுத்தெடுத்தபோது கத்தவில்லை. வெயிலுக்குப் பலகை சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன், கடையில் வேலை செய்கிற நானே. ஆகவே மாசிக்கும் சித்திரைக்கும் இடையில்தான் மச்சாள் அந்தத் தாளை வாசித்திருக்கிறார்.

வைகாசியில் என்ன நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வைகாசியில் பக்கத்து வளவில் ஒரு பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிறந்த தீட்டைக் கழிக்கிற நாள். எல்லாரும் மாறி மாறித் தூக்கினார்கள். தாய்க்காரி என் கையிலும் தந்தாள். பால் மணக்கிற பெண்குழந்தை, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. அரை நிமிடம் இருந்திருக்கும். மச்சாள் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"தா பிள்ளை, தா. பெறாத கையில கனநேரம் வைச்சிருக்கிறது பிள்ளைக்கு ஆகாது."

கூடம் முழுக்கப் பெண்கள். பொத்தானில் இருந்து குழந்தையின் விரலைப் பிரித்தெடுத்தது மச்சாள்தான். அன்று நான் வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அப்போதும், பாவம், அவவுக்குத் தெரியாதுதானே என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

தெரிந்திருக்கிறது. தன் தம்பியில்தான் குறை என்று வாசித்துவிட்டு வந்துதான் என் கையிலிருந்து அந்தப் பிள்ளையைப் பறித்திருக்கிறார்.

கலியாணத்துக்கு வேறு சேலை கட்டிக்கொண்டு போனேன். மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். "ஏன் கூறையைக் கட்டேல்லை?" என்று கேட்டார். "கட்ட மனம் வரேல்லை மச்சாள்" என்றேன். அவருக்கு ரசம் வார்த்துக் கொடுத்தேன். வார்க்கும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

மறுநாள் கடையில் பாஸிடம் போய் நின்றேன்.

"பாஸ், பிணைச்சலைச் சத்தம் போட வைக்கிறது எப்பிடி?"

அவர் சீவுளியைக் கீழே வைத்தார். "சத்தத்தை நிப்பாட்டச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க. சத்தம் போட வைக்கக் கேட்ட மொத ஆள் நீங்கதான். என்னத்துக்கு?"

"வீட்டுக்குள்ள எலி."

சீவுளியில் ஒட்டியிருந்த மரச்சுருளைத் தட்டிவிட்டார். "நடு ஆணிய உருவுங்க. சவுக்காரத் தண்ணியில கழுவி எண்ணெய எடுங்க. பொறகு உப்புத் தண்ணியில போட்டு வெயில்ல வைங்க. மன்னார்ல இரும்பத் துருப்பிடிக்க வைக்கப் படிப்பா வேணும்?"

ஞாயிற்றுக்கிழமை மச்சாள் கோயில் பூசைக்குப் போன நேரத்தில் ஆணிகளை உருவினேன். கழுவி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கூரைமேல் காயவைத்தேன். அதுவரை கதவு நிற்பதற்கு இரண்டு கம்பித்துண்டுகளைச் செருகிவைத்தேன். நாலாம் நாள் எடுத்தபோது செம்மண் பிடித்ததுபோல் இருந்தன. இதற்கிடையில் கதவிலும் தட்டிலும் இருந்த எண்ணெய்க்கு முகப்பவுடரைக் குவித்து ஒரு நாள் முழுக்க விட்டுத் தட்டினேன். எண்ணெயைப் பவுடர் இழுத்தெடுத்தது, பலகையில் அடையாளமே இல்லை. சேலைக்கும் பவுடர் போட்டு, மேலே பேப்பர் விரித்து, இளஞ்சூட்டில் அழுத்தினேன். பாதிதான் போனது. பட்டு எண்ணெயை விடாது.

ஆணிகளைத் திரும்பப் போட்டுக் கதவைத் திறந்தேன். முந்திய கீச்சொலி இல்லை இது. பன்றியை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது.

உறைக்குள் இருந்த றிப்போட்டை எடுத்து என் கைப்பையில் வைத்தேன். அதற்குப் பதிலாக ஒரு கொப்பித்தாளில் ஒரு வரி எழுதி மடித்து வைத்தேன்.

அன்று பின்னேரம் மச்சாள் வேம்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன்.

"மச்சாள், புதுசா எடுத்த றிப்போட் வந்திட்டுது. அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன்."

சுளகு நின்றது. "என்னவாம்?"

"நான் இன்னும் வாசிச்சுப் பாக்கேல்லை. அவரோட ஆறுதலா இருந்துதான் பாக்கோணும். பயமாக் கிடக்கு."

"பயப்பிடாத பிள்ளை. எல்லாம் கேதீஸ்வரநாதர் பாத்துக்கொள்ளுவார்" என்றார். என் தலையைத் தடவினார். அந்தக் கையில் நல்லெண்ணெய் மணந்தது.

அடுத்த நாள் வழமைபோலக் கைப்பையோடு பஸ்ஸுக்குப் போனேன். மச்சாள் வாசல் படலையில் நின்று பார்த்தார். பஸ்ஸில் ஏறி அடுத்த தரிப்பில் இறங்கினேன். வாய்க்கால் வரம்பு வழியாக நடந்து என் கணவர் நின்ற வயலுக்குப் போனேன்.

"என்ன, வேலைக்குப் போகேல்லையே?"

"வீட்டுக்குள்ள ஆரோ வந்து போகினம். அலுமாரியைக் கிண்டுகினம். என்னோட வாங்கோ."

"கள்ளனோ?"

"வந்து பாருங்கோ."

வரம்பில் கிடந்த பொல்லுத் தடியை எடுத்துக்கொண்டு வந்தார். பின்பக்கத்தால் போய்க் குசினிக்குள், அடுப்படியில் இருந்தோம். அவர் பொல்லை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார். அப்போதுகூட என்னால் சொல்லியிருக்க முடியும். உங்கட அக்காதான், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ என்று ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. நான் பார்த்ததை அவரும் அப்படியே, ஆயத்தம் இல்லாமல் பார்க்கவேண்டும் என்று விரும்பினேன்.

முன்கதவுத் திறப்பு திரும்பியது. கோழிகளை "பா, பா" என்று கூப்பிடுவது கேட்டது. பிறகு யன்னல். பிறகு அறைக்குள் காலடி. பிறகு அலுமாரி கத்தியது.

என் கணவர் "ஆரடா அது!" என்று பொல்லை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். நான் பின்னால் போனேன்.

மச்சாள் அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையில் உறை, மற்றக் கையில் நான் எழுதிய தாள். விரித்துவிட்டார். ஓங்கிய பொல்லு அந்தரத்தில் நின்றது.

"அக்கா?"

என் கணவர் பொல்லைக் கீழே போட்டுவிட்டுத் தாளை வாங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல் சத்தமாக வாசித்தார். "மச்சாள், வாசித்ததை ஊருக்கும் வாசித்துக் காட்டுங்கோ."

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைப்பையைத் திறந்து பழைய றிப்போட்டை எடுத்து, பெருவிரல் பட்ட மூன்றாம் தாளை அவருக்கு முன்னால் பிடித்தேன். எண்ணெய் எப்போது விடப்பட்டது, அதற்குப் பிறகு துடக்குக் கழிவு வீட்டில் என்ன நடந்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். குழந்தையைப் பறித்த கதை அதுவரை அவருக்குத் தெரியாது.

"ஓமோ அக்கா?" என்று கேட்டார்.

மச்சாள் கதிரையில் இருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஓம், பாத்தனான். பாத்ததாலதான் அப்பிடிச் சொன்னனான். சனம் மெல்ல மெல்ல உன்னைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்துது. ஆம்பிளைக்கு அந்தப் பேர் வந்தால் நீ தலை நிமிந்து நடப்பியே? உன்னை நான் அதுக்கே வளத்தனான்? அவள் பொம்பிளை. தாங்குவாள்."

"தாங்கினனான் மச்சாள்" என்றேன். "ரெண்டு வருசம் தாங்கினனான். உங்களுக்குத் தெரியாது எண்டு நினைச்சுத் தாங்கினனான். இப்ப நீங்கள் தாங்குங்கோ. அந்தப் பிள்ளையின்ர வீட்டுக்குப் போய், அதே பொம்பிளையளுக்கு முன்னால, இவளில ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

அப்போதுதான் அழுதார். என் கையைப் பிடிக்க வந்தார். "உனக்குக் கோயில் கட்டிக் கும்பிடுறன் பிள்ளை, அதை மட்டும் சொல்லச் சொல்லாத. என்ர தம்பியின்ர மானம்" என்றார். எவ்வளவு நாள் இந்த அழுகைக்குக் காத்திருந்தேன். கையை இழுத்துக்கொண்டேன்.

என் கணவர் கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"அக்கா, நீங்கள் சொல்லவேண்டாம். நான் போய்ச் சொல்லுறன்."

படலையைத் திறந்து பக்கத்து வளவுக்குள் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். தடுத்திருக்கலாம். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருந்தால் நின்றிருப்பார். தடுக்கவில்லை. எனக்கு அது நடக்கவேண்டும் என்று இருந்தது. யார் வாயால் என்பது அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கால்மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தார். மச்சாளின் இடுப்பில் இருந்த திறப்புக்குக் கையை நீட்டினார். மச்சாள் கழற்றிக் கொடுத்துவிட்டு வேம்பைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார்.

என் கணவர் திரும்பவும் வயலுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அந்தக் குழந்தையின் தாய் வந்தாள். முற்றத்தில் மா வறுத்துக்கொண்டிருந்த என் மடியில் பிள்ளையை வைத்துவிட்டு, அகப்பையை வாங்கித் தான் வறுக்கத் தொடங்கினாள். குழந்தை நன்றாக வளர்ந்திருந்தது, கழுத்து நின்றிருந்தது. வேம்புக்குப் பின்னால் யன்னல் திறந்திருந்தது. அங்கே ஆள் நிற்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்றே சத்தமாகப் பாடினேன், குழந்தையைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். எனக்குப் பாட வராது.

இதற்கெல்லாம் நான் கொடுத்ததும் உண்டு. என் கணவர் ஒரு மாதத்துக்குமேல் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. கேட்டால் பதில் சொல்லுவார், அவ்வளவுதான். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்காவைப் பிடிச்சுக் குடுத்தது சரி. என்னையும் சேத்தெல்லோ அடிச்சனீர். பொல்லோட இருத்தி வைச்சீரே, கள்ளன் வாறான் எண்டு."

"முன்னமே சொல்லியிருந்தால் நம்பியிருப்பியளோ?"

யோசித்தார். "இல்லை" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, "எண்டாலும்" என்றார்.

அவரைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று மச்சாள் பயந்தாரே, அப்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஒன்றிரண்டு பேர் கள்ளுக்கொட்டிலில் என்னவோ சொல்லியிருக்கிறார்கள். மற்றப்படி சனத்துக்கு விதைப்பு வந்தது, மழை பிந்தியது, அதைப் பற்றிக் கதைத்தார்கள். நாங்கள் இப்போதும் அந்த டொக்டரிடம் போய்வருகிறோம், மருந்து எடுக்கிறார்.

மச்சாள் இப்போது குழாயடிக்குப் பெண்கள் கூடும் நேரத்தில் வருவதில்லை. வெயில் ஏறியபிறகு தனியே வாளியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வருவார். என் கணவர் கண்டால் வாளியை வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பார். அதில் நான் தலையிடுவதில்லை, அவரை வளர்த்த கை அது. நான் வாங்குவதில்லை. நான் காணும்போது வணக்கமாகச் சிரித்துவிட்டு, மிகவும் மெதுவாக, மச்சாள் பார்க்கும்படி நடந்து போவேன்.

போன கிழமை என் கணவர் அதைக் கவனித்துவிட்டார். சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னும் காணாதே உமக்கு, போதாதே?" என்று கேட்டார்.

"காணாது" என்றேன்.